சயாம் போனவர்களின் பூனைகள்

பக்கத்து வீட்டு அக்காவின் பூனை செத்துக் கிடந்தது என்று சொல்ல முடியாது. அது உட்கார்ந்திருந்தது. அடுப்படி மூலையில் தண்ணீர்க் குடத்துக்கு முன்னால் முன்னங்கால்களை ஒட்டி வைத்துக்கொண்டு, முகத்தைக் குடத்தின் பக்கம் நீட்டி, கண்ணைத் திறந்தபடி இருந்தது. நான் "சூ" என்று விரட்டினேன். அசையவில்லை. முதுகில் கை வைத்த பிறகுதான் தெரிந்தது, மலைக் காலையின் குளிர் அதற்குள் முழுவதுமாக இறங்கிவிட்டிருந்தது. இரண்டு மூன்று நாளாகவே அது எதையும் தின்னாமல் வாந்தி எடுத்துக்கொண்டு குடத்தையே சுற்றி வந்ததாக அக்கா சொன்னாள். குடிக்கப்போவதுபோல் குனியுமாம், குடிக்காமல் அப்படியே தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்குமாம். கொல்லையில் குழி தோண்டி அதைப் புதைக்கும்போது மூக்கைச் சுற்றி மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்ததை நான்தான் துடைத்துவிட்டேன். சமையல் மஞ்சள் என்று நினைத்துக்கொண்டேன்.

அது ஜப்பான்காரன் காலம். மலாயாவின் கேமரன் மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துத் துரையும் துரைசாணியும் ஒரே நாளில் மூட்டை கட்டிக்கொண்டு தெற்கே ஓடிவிட்டார்கள். தேயிலை ஆலை ஊமையாகிவிட்டது. கொழுந்து பறிக்க ஆளில்லாமல் செடிகள் ஆள் உயரத்துக்கு வளர்ந்து பூத்து நின்றன. பாதிச் சரிவை வெட்டி மரவள்ளியும் சக்கரைவள்ளியும் போட்டிருந்தோம். ஒருநாள் அரிசி கொடுக்கிறார்கள் என்று ஆண்களை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். சாக்கை மடித்துக்கொண்டு போனவர்களை அப்படியே லோரியில் ஏற்றி, சயாம் நாட்டில் ரயில் பாதை போடக் கொண்டுபோய்விட்டார்கள். என் வீட்டுக்காரரும் அந்த லோரியில் போனார். எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை.

வீட்டில் மிஞ்சியது நானும் நாத்தனாரும் ஒரு பூனையும். நாத்தனார் என் வீட்டுக்காரருக்கு அக்கா. தாய் தகப்பன் இல்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். காடு வெட்டித் தோட்டம் உண்டாக்கிய நாளில் மரம் சாய்ந்து அவருடைய புருஷன் போய்ச் சேர்ந்தார். அன்றிலிருந்து வெள்ளைச் சேலைதான். துரை பங்களாவில் வேலை பார்த்தார். அறை அறையாகப் பூச்சாடி வைப்பது அவர் பொறுப்பு. நாங்கள் வேதக்காரர்கள். சுவரில் மாதா படம், அதன் கீழே ஒரு பலகை, பலகையில் ஜெபமாலை, அவ்வளவுதான் எங்கள் பீடம். பூனை என் வீட்டுக்காரருடையது. உடம்பெல்லாம் கறுப்பு, நெஞ்சு மட்டும் சலவைச் சட்டைபோல் வெள்ளை. ஆபீசு எழுத்தர் கோட்டு மாட்டிக்கொண்டு வருவதுபோலவே இருக்கிறது என்று அதற்குக் கிராணி என்று பெயர் வைத்திருந்தார்.

தம்பி போன மறுநாளே நாத்தனார் ஒரு நேர்த்தி எடுத்துக்கொண்டார். அவன் திரும்பி வரும்வரை மாதாவுக்கு ஒருநாளும் பூ இல்லாமல் போகக்கூடாது. பூவுக்குப் பஞ்சமில்லை. பூட்டிக் கிடந்த பங்களாவின் தோட்டத்தில் துரைசாணி வைத்த வெள்ளை லில்லி கேட்பாரில்லாமல் பாத்தியை விட்டு வெளியே பரவியிருந்தது. நீளக் குழல் குழலாக, நடுவில் மஞ்சள் தூள் சுமந்துகொண்டு, மூடுபனிக்குள் யாரோ வெள்ளைத் துணி உடுத்தி வரிசையாக நிற்பதுபோல் நிற்கும். அந்தப் பக்கம் போக மற்றவர்களுக்குப் பயம். நாத்தனார் மட்டும் விடியற்காலையில் ஏறிப்போய்க் கை நிறைய வெட்டிக்கொண்டு வருவார். மாதா பூ என்றுதான் சொல்வார். காலிப் பால் டின்னில் தண்ணீர் ஊற்றிப் பலகையில் வைப்பார்.

அவர் செய்ததைப் பார்த்து, ஆள் போன வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து கேட்டார்கள். மாரியம்மன் படம் வைத்திருந்தவர்களும் கேட்டார்கள். நாத்தனார் யாருக்கும் இல்லையென்று சொல்லவில்லை. எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், எந்த வீட்டு ஆண் சயாமில் இருக்கிறான் என்பதை வாசலில் நின்று மூச்சு இழுத்தாலே சொல்லிவிடலாம் என்றாகிவிட்டது. சன்னலில்லாத பலகை வீடுகளுக்குள் அந்த வாசனை போக வழியில்லாமல் தேங்கி நிற்கும். துணியில் ஏறும், கஞ்சியில் ஏறும். தூக்கத்தில்கூட அது மூக்கில் இருந்தது.

அக்காவின் பூனைக்குப் பிறகு மூலை வீட்டுப் பூனை போனது. பிறகு கோயில் பக்கத்து வீட்டில் ஒரு தாயும் குட்டிகளும். எல்லாம் ஒரே மாதிரி. தின்னாது, வாந்தி எடுக்கும், இருட்டான இடம் தேடிப் பதுங்கும், கடைசியில் தண்ணீருக்கு முன்னால் உட்கார்ந்து கண்ணை மூடாமல் சாகும். அதைவிட வேறொன்றுதான் எங்கள் எல்லாரையும் நடுங்க வைத்தது. ஆள் சயாம் போன வீட்டுப் பூனைகள் மட்டுமே செத்தன. ஆண்கள் வீட்டில் இருந்த குடும்பங்களின் பூனைகள் கூரைத் தகரத்தில் ஓடி விளையாடிக்கொண்டிருந்தன. அங்கே ஆள் விழுந்தால் இங்கே பூனை விழுகிறது என்று முதலில் யார் சொன்னார்கள் என்று தெரியாது. ஒரு வாரத்தில் அது எல்லாருக்கும் தெரிந்த உண்மையாகிவிட்டது.

அக்கா தாலியைக் கழற்றிவிட்டாள். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"ஒரு சேதியும் வரலையேக்கா. எதுக்கு இப்படிப் பண்றீங்க?"

"சேதிதான் வந்துருச்சே. பூனைக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் தெரியல" என்றாள். அழவில்லை. தாலியை ஒரு துணியில் முடிந்து கூரை இடுக்கில் செருகிவிட்டு மரவள்ளி பிடுங்கப் போனாள்.

அன்று மாலை நாத்தனார் எங்கள் வீட்டு வாசலைப் பலகை வைத்து அடைத்தார். "கிராணிய வெளிய விடாத புள்ள. அது நல்லா இருக்கிற வரைக்கும் தம்பி நல்லா இருப்பான்." அதோடு நிற்காமல் பூவையும் கூட்டினார். ஒரு டின் மூன்றானது. பூனை அந்த ஒற்றை அறைக்குள் பூக்களோடு அடைபட்டுக் கிடந்தது.

சில நாள் கழித்து நான் கீரையும் சக்கரைவள்ளியும் சுமந்துகொண்டு பிரிஞ்சாங் டவுனுக்குப் போனேன். அங்கே பாய் ஒருவர் மளிகைக் கடை வைத்திருந்தார். காய்கறியை வாங்கிக்கொண்டு உப்பும் கொஞ்சம் தேங்காயெண்ணெயும் கொடுப்பார். எலிக்காக வளர்த்த பூனைகள் கடை முழுவதும் படுத்துக்கிடந்தன. எனக்கு அவற்றைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. என்னம்மா என்று கேட்டார். லயத்தில் நடப்பதைச் சொன்னேன். அவர் உப்பு அளப்பதை நிறுத்தினார்.

"என் தம்பியும் சயாமுலதான் இருக்கான், தெரியுமா? ஈப்போவுல வச்சுப் பிடிச்சுட்டாங்க. இதுங்க எல்லாம் அவன் தூக்கிட்டு வந்த பூனைங்கதான். பாரு, தின்னுட்டுத் தூங்குதுங்க. ஆளுக்கும் பூனைக்கும் என்ன இருக்கு லா? வேற எதையோ தின்னுருக்கும்."

திரும்பி நடக்கும்போது வழியெல்லாம் அந்தக் கடையையும் எங்கள் வீட்டையும் மனசுக்குள் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். எலி அங்கேயும் உண்டு, இங்கேயும் உண்டு. பசி இரண்டு இடத்திலும் உண்டு. எங்கள் வீட்டில் இருப்பது, அவர் கடையில் இல்லாதது என்ன? வாசல் பலகையை நகர்த்தி வீட்டுக்குள் கால் வைத்தேன். வாசனை முகத்தில் அறைந்தது. கிராணி பீடத்தின் மேல் நின்றுகொண்டிருந்தது. பால் டின்னுக்குள் நாக்கை விட்டுத் தண்ணீர் நக்கிக்கொண்டிருந்தது. என் சத்தம் கேட்டுத் திரும்பியது. மூக்கெல்லாம் மஞ்சள். வெள்ளை நெஞ்சு முழுவதும் மஞ்சள்.

பூனையைப் பிடித்துச் சாக்கில் சுற்றி, வெந்நீர் தொட்டுத் தொட்டு முகத்தையும் நெஞ்சையும் கழுவினேன். கையெல்லாம் கீறியது. பிறகு மூன்று டின்னையும் தூக்கிப்போய்க் கொல்லைக்கு அப்பால் கொட்டி மண்ணைத் தள்ளி மூடினேன். நிமிர்ந்தால் நாத்தனார் நிற்கிறார்.

"மாதாவுக்கு வச்ச பூவ எறியிறியா?"

"அண்ணி, அக்கா வீட்டுப் பூனையப் பொதைச்சப்ப அது மூஞ்சியில இதே மஞ்சத்தூளுதான் இருந்துச்சு. பூ இல்லாத வீட்டுல ஒரு பூனையாச்சும் செத்துச்சா, சொல்லுங்க?"

"பூ இல்லாத வீட்டுல ஆளும் சயாம் போகல."

"பிரிஞ்சாங் பாய் கடையிலேருந்து ஆள் போயிருக்கு. அவரு தம்பி போயிருக்காரு. அங்க பூவும் இல்ல, பூனையும் சாகல."

அவர் மண் மூடிய இடத்தையே பார்த்தார். பிறகு மெல்லிய குரலில், "பூவ நிறுத்தி, அதனால அவன் வராமப் போனா நீ என்ன பண்ணுவ?" என்று கேட்டார்.

"பூனை செத்துப்போனா நீங்க என்ன பண்ணுவீங்க அண்ணி?"

ஒரே மனிதனுக்காகப் பயந்துகொண்டிருந்த இரண்டு பெண்கள் அந்த மண்மேட்டுக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டிருந்தோம்.

கிராணி அன்று கட்டிலடியில் போய்ப் பதுங்கியது. மறுநாள் கஞ்சியை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. நாத்தனார் தரையில் உட்கார்ந்து, கட்டிலடி இருட்டைப் பார்த்து ஜெபமாலை உருட்டிக்கொண்டே இருந்தார். அவர் வாயிலிருந்து வந்த மந்திரமும் பூனையின் மூச்சும் ஒரே தாளத்தில் ஓடின. நான் குடத்தை மூடி வெளியே எடுத்து வைத்துவிட்டேன். அது குடத்தின் முன்னால் போய் உட்காருவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் மட்டும் கட்டிலடிக்குத் தள்ளினேன். பொழுது சாயும் நேரத்தில் இருட்டுக்குள்ளிருந்து நக்கும் சத்தம் கேட்டது. பிறகு கஞ்சியையும் நக்கியது. நாத்தனார் எழுந்தார். சுவரிலிருந்து மாதா படத்தைக் கழற்றித் துணியில் சுற்றினார்.

"பூ இங்க வரக்கூடாதுன்னா மாதா அங்க போகட்டும்" என்றார்.

அதன்பிறகு தினமும் அவர் பங்களாவுக்கு ஏறிப்போய் அதன் வராந்தாவில் படத்தை வைத்து, பூவை வைத்து, தனியாக உட்கார்ந்து ஜெபித்தார். திரும்பும்போது வெறுங்கையோடு வருவார். சேலையை வெளியிலேயே உதறிவிட்டு, கை கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவார். அவர் கொண்டுவராததால் மற்ற வீடுகளுக்கும் பூ நின்றுபோனது. லயத்தில் பூனைகள் சாவது நின்றது. நான் காரணத்தைச் சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. அந்தம்மா சாவைக் கூட்டிக்கொண்டு மேலே போய்விட்டார் என்றார்கள். கீழ்ச் சரிவில் கிழங்கு தோண்டுகிறவர்களுக்குப் பனிக்குள்ளிருந்து அவர் குரல் மட்டும் கேட்கும். தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்வார்கள். ஒருநாள் ஜப்பான் சிப்பாய்கள் பங்களாவில் தங்க இடம் பார்க்க வந்தார்கள். கதவு பூட்டியிருந்த வீட்டின் வராந்தாவில் வெள்ளைச் சேலையில் ஒரு பெண் அசையாமல் உட்கார்ந்திருப்பதையும், அவளைச் சுற்றி வெள்ளைப் பூ குவிந்திருப்பதையும் பார்த்துவிட்டு, கேட்டுக்கு வெளியிலேயே நின்று ஏதோ பேசிக்கொண்டு திரும்பிப் போனார்களாம். நாத்தனார் இதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை. "என்னைப் பார்த்தானுங்களா, எனக்குப் பின்னாடி யாரையும் பார்த்தானுங்களான்னு தெரியல" என்றார்.

ஜப்பான்காரன் தோற்றுப்போய்ப் பல மாதம் கழித்து என் வீட்டுக்காரர் வந்தார். முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. சாக்கைக் கிழித்து இடுப்பில் கட்டியிருந்தார். ஒரு காலில் முழங்காலிலிருந்து கணுக்கால்வரை கந்தல் சுற்றியிருந்தது. அழுகலும் மருந்தும் கலந்த ஒரு வாடை அவருக்கு முன்னால் வந்தது. நாத்தனார் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு ஓடினார். அந்த நேரத்தில் வாசலில் படுத்திருந்த கிராணி எழுந்தது. முதுகை வில்லாக வளைத்து, முடியெல்லாம் நிமிர்த்தி, நான் அதுவரை கேட்டிராத ஒரு சத்தம் போட்டது. பிறகு எங்கள் கால்களுக்கு இடையே பாய்ந்து, சரிவேறிப் பங்களா இருந்த பக்கம் ஓடிவிட்டது. நாத்தனாரின் விரித்த கைகள் பாதியிலேயே கீழே இறங்கின.

அவர் தம்பியைத் தொடவில்லை. சோறு போட்டார், புண் கழுவ வெந்நீர் வைத்தார், தொடவில்லை. சும்மா பேசுவதுபோல் கேள்வி கேட்பார். அம்மாவின் பெயர், சின்ன வயதில் விழுந்த கிணறு, தான் பாடிய தாலாட்டு. என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்தபடி ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்வார். ஒருநாள் நாத்தனார் என்னைக் கொல்லைக்கு இழுத்துப்போய்க் காதோடு சொன்னார்:

"எல்லாத்தையும் சரியாச் சொல்றான் புள்ள. மனுசன்னா ஒண்ணு ரெண்டு மறந்துருக்கணும்ல?"

நான் அவரைக் கடிந்துகொண்டேன். ஆனால் அந்த வார்த்தை என்னோடு வீட்டுக்குள் வந்தது. தட்டைக் கையால் மறைத்துக்கொண்டு அவசரமாகச் சாப்பிடும் இந்த மனிதர், யாராவது பின்னால் நடந்தால் அப்படியே விறைத்து நிற்கும் இந்த மனிதர், லயத்தில் எல்லாரிடமும் ஓரிரு வார்த்தை பேசிவிட்டுப் பக்கத்து வீட்டு அக்காவைக் கண்டால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் இந்த மனிதர், பூனைக்குப் பெயர் வைத்துச் சிரித்தவர்தானா என்று நானும் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றதுண்டு.

கிராணி பங்களாத் தோட்டத்தில் திரிவதைக் கிழங்கு தோண்டுகிறவர்கள் பார்த்தார்கள். லில்லி மறுபடி பூத்திருந்தது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பூவின் கதையை முதலிலிருந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். பூனைகள் செத்தது, அக்கா தாலியைக் கழற்றியது, நாங்கள் இருவரும் கொல்லையில் சண்டை போட்டது, எல்லாவற்றையும். மறுநாள் காலை அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நொண்டி நொண்டி மேலே ஏறினார். நானும் பின்னால் போனேன். சற்று நேரத்தில் நாத்தனாரும் வந்து கேட்டருகே நின்றார்.

பனி கனமாக இருந்தது. கிராணி வராந்தாப் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் ஒரு ஓரத்திலிருந்து கிழங்கோடு லில்லியைப் பெயர்த்துப் பெயர்த்துக் குவித்தார். காற்று நிற்க இடமில்லாத அளவுக்கு அந்த வாசனை. பாதிப் பாத்தி முடிந்தபோது மண்வெட்டி நின்றது. பூக்குவியலைப் பார்த்துக்கொண்டே அவர் மண்ணில் உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. திரும்பி வந்த பிறகு அவர் அழுது நாங்கள் பார்த்ததில்லை.

"அக்கா, அங்க செத்தவங்கள நாங்கதான் தூக்கிப் போட்டோம். குழியில போட்டு மண்ணத் தள்ளிட்டு அப்படியே வேலைக்குப் போயிருவோம். ஒருத்தனுக்குக்கூட ஒரு பூ வைக்கலக்கா. பேரு தெரிஞ்சவனுக்கும் வைக்கல. பக்கத்து வீட்டு அண்ணனத் தூக்கிட்டுப் போனது நான்தான். அவரு பொண்டாட்டி மூஞ்சியில எப்படிக்கா முழிப்பேன்?"

நாத்தனார் கேட்டைத் தாண்டி ஓடிவந்தார். தம்பியின் முகத்தை முந்தானையால் துடைத்து, தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். என்னைப் பார்த்து, "நம்ம பையன்தான் புள்ள" என்றார். பிறகு தம்பி கையிலிருந்த மண்வெட்டியை வாங்கி மிச்சத்தைத் தானே பெயர்த்தார்.

பூவை எரிக்கலாம் என்றேன் நான். நாத்தனார் ஒத்துக்கொள்ளவில்லை. தோட்டத்து ஓரத்தில் ஒரு ஆள் படுக்கும் நீளத்துக்குக் குழி வெட்டச் சொன்னார். லயத்துக்கு ஆள் அனுப்பினார். பயந்துகொண்டிருந்தவர்கள் எல்லாரும் அன்று பங்களாவுக்கு ஏறி வந்தார்கள். சயாமிலிருந்து திரும்பாதவர்களின் பெயரை அவரவர் வீட்டுப் பெண்கள் சொல்லச் சொல்ல, பூவும் கிழங்கும் இலையுமாகக் குழியில் இறக்கினோம். நாத்தனார் மரித்தவர்களுக்கான ஜெபத்தைச் சொன்னார். மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள் சூடம் ஏற்றினார்கள். அக்காவிடம் என் வீட்டுக்காரர் அன்றுதான் பேசினார். அவள் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள்: எப்போது? அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அங்கே கிழமையும் இல்லை, மாதமும் இல்லை. அவள் பூனை செத்த நாளா, அதற்கு முந்தியா பிந்தியா என்பதை யாராலும் சொல்ல முடியாது. மூலை வீட்டுப் பூனையும் செத்ததுதான். அந்த வீட்டுக்காரர் உயிரோடு திரும்பி வந்தார். கோயில் பக்கத்து வீட்டுக்காரர் வரவில்லை.

கால் புண் ஆறி வாடை போன பிறகு கிராணி தானாக இறங்கி வந்து அவர் மடியில் ஏறிப் படுத்துக்கொண்டது. புண் நாற்றத்துக்குப் பயந்திருக்கிறது, வேறொன்றுமில்லை என்று நான் சொன்னேன். நாத்தனார் சாகும்வரை அதை ஒப்புக்கொள்ளவில்லை. பூ விஷம் என்பதையும் வாயால் ஒப்புக்கொண்டதில்லை. ஆனால் அவர் இருந்தவரை எங்கள் வீட்டுக்குள் ஒரு பூ நுழைந்ததில்லை. மாதாவுக்கு மெழுகுவத்தி மட்டும்தான்.

இப்போது அந்த மலையில் சரிவுக்குச் சரிவு பிளாஸ்டிக் கூடாரம் போட்டுப் பூ வளர்க்கிறார்கள். கோலாலம்பூரில் என் பேரன் வீட்டில் இரண்டு பூனைகள் இருக்கின்றன. அவன் பெண்டாட்டி பிரிஞ்சாங்கிலிருந்து எனக்காக ஒரு கட்டு லில்லி வாங்கி வந்தபோது, கதவுக்கு வெளியிலேயே வைக்கச் சொல்லிவிட்டேன். அவளுக்கு வருத்தம். மிருக வைத்தியரைக் கேட்டுவிட்டு வந்து, "நீங்க சொன்னது சரிதான் பாட்டி, அந்தத் தண்ணிய நக்கினாலே பூனைக்குக் கிட்னி போயிருமாம்" என்றாள். அவ்வளவு சின்ன விஷயம். அன்று அதைச் சொல்ல எங்களுக்கு ஒரு வைத்தியர் இல்லை.

குழியை மூடிய பிறகு நடந்ததை நான் அவளிடம் சொல்லவில்லை. கிழங்குகளை இன்னும் ஆழத்தில் போட்டிருக்க வேண்டும். அடுத்த மழைக்காலத்தில், அந்த மேட்டின் நீளத்துக்கு, பச்சை முனைகள் மண்ணைத் துளைத்துக்கொண்டு வந்தன. விறகுக்குப் போன அக்காதான் முதலில் பார்த்தாள். ஓடிவந்து எங்கள் வாசலில் நின்றாள். மூச்சு வாங்கியது.

"வந்துட்டாங்க" என்றாள்.

பிடுங்கிவிடலாம் என்று என் வாய்வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் சொல்ல முடியவில்லை. என் வீட்டுக்காரர் மூங்கில் வெட்டி வந்தார். நாத்தனாரும் அக்காவும் நானும் அந்த மேட்டைச் சுற்றி, ஒரு பூனையின் தலைகூட நுழைய முடியாதபடி, நெருக்கி நெருக்கி வேலி கட்டினோம்.